சட்டம் எட்டாத வாசல்

மைசூர்ச் சீமையில், தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்துக்கு ரயில் வந்து சில வருஷம் கழித்துத்தான் எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வாத்தியார் அவள் பெயரை எழுதிக்கொண்டார். உள்ளே மட்டும் விடவில்லை. எங்கள் சாதிப் பிள்ளைகள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்கலாம் என்றார். அங்கிருந்து கரும்பலகை தெரியாது.

என் மனைவிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவள் பிறந்த வேலூர்ப் பக்கத்தில், சென்னை சர்க்காரின் பள்ளிக்கூடங்களில் எந்தச் சாதிப் பிள்ளையையும் தள்ளக்கூடாது என்று உத்தரவு இருப்பது தெரியும்.

"அந்த உத்தரவ இங்கயும் போடச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, சென்னைக்கு மனு எழுதினேன். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பதில் வந்தது. மைசூர் தனி சமஸ்தானம். சென்னையில் செய்யும் சட்டம் அதன் எல்லைக்குள் செல்லாது. அங்குள்ள சர்க்காரிடமே முறையிடவும். அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நாம ஏறி வந்த ரயில்ல சட்டம் ஏறாதாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

பங்காருபேட்டையில் ஒரு வியாபாரி இருந்தார். வருஷா வருஷம் தசராவுக்கு மைசூரில் கூடும் பிரதிநிதிகள் சபைக்குப் போய்வருகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் அவரைப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"அங்க நாங்க குறையைச் சொல்லலாம்மா, அவ்வளவுதான். சட்டம் போடற அதிகாரம் எங்களுக்கு இல்ல. ஆனா சொல்றேன்."

சொன்னபடி சொல்லியும் வந்தார். கவனிக்கிறோம் என்றார்களாம்.

நான் அதோடு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூட வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"வாத்தியாரய்யா, இப்ப இன்னா எழுத்துங்க போட்டீங்க? பொண்ணுக்குத் தெரியலீங்க."

அவர் சொன்னார். அடுத்த எழுத்துக்கும் கேட்டாள். அதற்கடுத்ததற்கும். தினமும் இதுதான். குரலில் மரியாதை துளியும் குறையாததால் அவருக்குத் திட்டவும் வழியில்லை. பத்து நாளில் பலகையை வாசலோரம் இழுத்துப் போட்டார். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டியதாயிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் மழை கொட்டியது. மரத்தடியில் சிலேட்டைத் தலைக்குப் பிடித்து நின்ற மகளை வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "உள்ள வந்து உட்காரு" என்றாராம், முகத்தைத் திருப்பிக்கொண்டே. மழை விட்ட பிறகும் வெளியே போகச் சொல்லவில்லை. இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. மாதம் திரும்புவதற்குள் கொண்டுவந்து விட்டார்கள்.

அதற்குப் பிறகும் என் மனைவி தினமும் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அதான் உள்ள விட்டாச்சே, இன்னும் எதுக்குப் போற?" என்று கேட்டேன்.

"உயிரெழுத்து முடிஞ்சிடுச்சிங்க. இப்பதான் க, ங வந்திருக்குது" என்றாள்.