ஒரு போத்தல் எண்ணெயும் சிவனொளிபாதமலையும்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசிப் பகுதியில் ஒரு பங்குனி மாதம் அது நடந்தது. எங்கள் ஊர் தேற்றாத்தீவிலிருந்து நானும் என் கணவரும் சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டோம். அவர் புறப்பட்டார், நான் இழுபட்டுப் போனேன் என்று சொல்வதுதான் சரி.

அதற்கு முந்திய மாரி முழுவதும் அவர் குளிர்காய்ச்சலில் கிடந்தார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அந்தக் காய்ச்சல் நுழையாத வீடு குறைவு. நடுக்கம் தொடங்கினால் ஆளைப் பாயோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு நடுக்கத்தின் நடுவில்தான் அவர் நேர்ந்துகொண்டார். பிழைத்து எழும்பினால் மலையேறி, எங்கள் வளவுத் தேங்காயில் எடுத்த எண்ணெயை உச்சியில் எரியும் விளக்குக்கு ஊற்றுவதாக நேர்த்தி.

எழும்பியும் விட்டார். ஆனால் அந்த மாரியில் வயல் வட்டையைப் பார்த்தது நான். விதைப்பு, காவல், அறுவடை, சூடடிப்பு என்று கூலி ஆட்களோடு நின்றதும் நான், வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி வைத்ததும் நான். நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று எனக்கு இருந்த ஒரே ஆசை, யாரும் கூப்பிடாத இடத்தில் படுத்து நித்திரை கொள்வதுதான். அவர் மலை என்றார். நேர்த்தியைத் தீர்க்காவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்து கொண்டுபோய்விடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தோடு வாதாட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

எங்கள் ஊரில் மலை ஏது? ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவே தட்டை மணல். ஆனாலும் மலையேறப் பழக வேண்டுமென்று, அவர் அரை மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரை மணல்மேட்டில் ஏறி இறங்கினார். அது என் தலை உயரம்கூட வராது. வலை இழுக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். “மச்சான், மேல குளிருதா?” என்று கேட்டவரும் உண்டு. அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார்.

வழியில் தின்ன நான் அரிசிமா வறுத்தேன். பொரிவிளாங்காய் உருட்டினேன். தேங்காய்ப்பால் பிழிந்து காய்ச்சி எண்ணெய் எடுத்தேன். அதை ஊற்றுவதற்கு வீட்டில் கிடைத்தது ஒரு பழைய சாராயப் போத்தல்தான். சாம்பல் போட்டு, கை நோகும் வரை தேய்த்துக் கழுவினேன். சாராய வாடையைச் சாமி மணந்து பார்க்காமல் விட்டால் சரி என்று நினைத்துக்கொண்டேன். குளிருக்கென்று ஆளுக்கொரு போர்வை எடுத்தோம். குளிர் என்றால் எங்களுக்கு மாரிக்காற்றுத்தான், அதற்கு அது போதும்.

ரயில் கோச்சியில் ஏறி, இடையில் மாறி மாறி, ஹற்றனில் இறங்கி, பஸ்ஸில் குலுங்கி, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து, அடிவாரத்து மடத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது பட்டுவிட்டது. எனக்குக் கால் இருக்கிறது என்பதே வலியால்தான் தெரிந்தது. அப்படியே சுருண்டு படுத்தேன்.

விடிந்ததும் அவர் என்னைத் தட்டி எழுப்பினார். கையில் போத்தல். உள்ளே எண்ணெயைக் காணவில்லை. வெள்ளையாக, கட்டியாக என்னவோ இருந்தது. கவிழ்த்துக் காட்டினார், சொட்டுக்கூட அசையவில்லை. வாவிக்கரை வெக்கையில் பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் தேங்காய் எண்ணெய் அப்படி ஆனதைக் கண்டதே இல்லை.

“சாமி வேணாமெண்டிட்டார், புள்ள,” என்றார்.

சொல்லும்போதே அவருடைய பல் அடித்தது, உடம்பு நடுங்கியது. நடுக்கம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். “காய்ச்சல் திரும்ப வந்திட்டு,” என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. கல்லுப் போலக் குளிர்ந்து கிடந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இஞ்சாருங்க, முதல்ல எங்கயும் நெருப்புக்குக் கிட்டப் போவம். மறுகா யோசிப்பம்.”

“என்ன யோசிக்கிற? மறுகா ஊருக்குத்தான்.”

உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்குள்ளும் ஊர் என்ற சொல் எனக்கு இனித்தது. போத்தலை மடத்து வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். இடுப்பு ஒடியக் காய்ச்சின எண்ணெயை எப்படி விட்டுவிட்டு வருவது? அவர் பார்க்காதபோது எடுத்து, வயிற்றோடு சேலை மடியில் செருகிக்கொண்டேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை இருந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி நடத்தினாள். என் வயதுதான் இருக்கும். அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும், தான் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி எங்கள் இருவரையும் சேர்த்து மூடி, அடுப்பருகே உட்கார வைத்தாள். “ஒண்ணுமில்லீங்க, குளிருதான்,” என்றாள். அவர் நம்பவில்லை. எங்கள் ஊர்க் காய்ச்சலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்ற மாதிரி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுடச்சுடத் தேத்தண்ணி தந்தாள். குடித்தோம். இன்னும் தந்தாள். மெல்ல மெல்ல அவருடைய நடுக்கம் அடங்கியது. எனக்குக் கண் சொக்கியது. சற்று அசைந்து உட்கார்ந்தபோது மடிக்குள் எதுவோ தளும்பியது. கையை விட்டுப் பார்த்தேன். போத்தலுக்குள் எண்ணெய் பழையபடி தண்ணீராக ஓடியது.

மடியை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன். இதைக் காட்டினால் மலையேற வேண்டும். காட்டாவிட்டால் பஸ்ஸில் ஏறலாம், கோச்சியில் சாய்ந்து தூங்கலாம், வீட்டுக்குப் போகலாம். என் உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் காட்டாதே என்றுதான் சொன்னது.

அப்போது அவர், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாற மாரிக்கு வட்டைக்கு நல்ல ஆளாப் பாத்து வை, புள்ள,” என்றார். அவ்வளவுதான். அழவில்லை, பெருமூச்சு விடவில்லை. அடுத்த மாரிக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று அவர் முடிவே எடுத்துவிட்டார்.

போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“என்ன செய்த நீ இத?”

“ஒண்டும் செய்யல்ல. மடியில வெச்சிருந்தன்.”

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் சிரித்துக்கொண்டு, பலகைத் தட்டிலிருந்த, தன் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினாள். அதுவும் வெள்ளைக் கட்டி. “இங்க காலையில எல்லாமே இப்பிடித்தாங்க. அடுப்பாண்ட வெச்சா எளகிரும்.”

அவர் இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கப்பட்டாரா, நிம்மதிப்பட்டாரா தெரியாது. எழும்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அப்ப போவம்,” என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது, அத்தனை படியையும் நினைத்து.

கம்பளியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை, இறங்கி வரும்போது தரச் சொன்னாள். போத்தலை அவரிடம் கொடுக்காமல், நானே மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் என்னை இழுத்தார், நான் அவரைத் தள்ளினேன். உச்சியில் அவர் ஊற்றியபோது எண்ணெய் கொஞ்சம் தடிப்பாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

பிறகு வந்த மாரிகளிலும் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நடுங்கினார், கஞ்சி குடித்தார், எழும்பினார். வட்டைக்கு ஆள் பார்க்கச் சொல்லவில்லை. அந்தப் பயணத்தின் அலுப்பு எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் யாராவது மனம் இறுகிப்போய், இனி ஒன்றுமில்லை என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தால், புத்தி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, கொஞ்ச நேரம் கிட்ட வைத்துக்கொண்டு சூடாகக் குடிக்க ஏதாவது கொடுக்கத்தான் தோன்றுகிறது.