அட்டைக்கு ஏதாச்சும்

சென்ற வாரம் மதுரையில் ஒரு புத்தகக் கடையில், "ஹார்ட்பவுண்டா, பேப்பர்பேக்கா சார்?" என்று கேட்டார் அங்கிருந்த பெண். பழக்கதோஷத்தில் "அட்டை" என்று சொல்லிவிட்டேன். "பார்சலுக்கா சார்?" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்!

போடியில் எங்கள் வீட்டில் அட்டை என்றால் புத்தகம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தைத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்குவோம். பசை வாடை லேசில் போகாது. கதைக்கு நடுவே சமையல் குறிப்பும் பாதி ஜோக்கும் ஓசி. "புது அட்டைய யாருடா எடுத்தது?" என்று அக்கா குரல் கொடுத்தால் சண்டைதான். முதலில் படிப்பது எப்போதும் அவள்.

எழுபதுகளின் கடைசியில் அவளைப் போடிமெட்டுக்கு அப்பால் மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் விடிந்ததும் தோட்டத்துக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். முதல் மழைக்காலம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கீழே இறங்கிய ஜீப்பு டிரைவரிடம், "அட்டை ஏதாச்சும் குடுத்துவிடச் சொல்லுங்கண்ணே" என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள்.

மலையில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது ஒன்றுதான். அதைப் போய் யாராவது கேட்பார்களா? அந்த நல்ல மனிதர் தாமாக ஒரு 'க்கு' சேர்த்துக்கொண்டார்.

"அட்டைக்கு ஏதாச்சும் குடுத்துவிடணுமாம் ஆத்தா, வெரசா."

"அய்யோ, எம்புள்ள கால அட்டை புடுங்குதே!" என்று அழுதபடியே அம்மா, காலில் தேய்த்தால் அட்டை அண்டாதென்று புகையிலையும் சுண்ணாம்பும் பொட்டலம் கட்டினாள்.

மழை விட்டபின் நான் மேலே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே நான் வேலை பார்த்த மண்டியில் லீவு சொல்லிவிட்டு, மூன்று அட்டைகளோடு மறுபடி ஜீப்பு ஏறினேன். வாங்கியவள் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

"படிக்கலயாக்கா?"

"அந்த மழையில ஒண்ணு கெடச்சிருந்தா போதும்டா. பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துட்டு அன்னிக்குப் பூராம் அழுதேன். அப்பறம் பழகிப்போச்சு. இப்ப எழுத்தப் பாத்தா மனசு ஓட மாட்டேங்குது. அம்மாட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 'க்கு' மேல்தான் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எதையும் படித்து நான் பார்க்கவில்லை. அம்மா போனாள், போன தையில் அக்காவும் போய்விட்டாள். அட்டை என்று நான் சொன்னால் புத்தகம் என்று எடுத்துக்கொள்ள இனி எனக்கு யாருமில்லை.