இரும்புப் பெட்டிக்குள் வண்டிச் சாவி

காலை ஆறரைக்குக் கந்தப்பளையில் வேனை எடுத்தேன். என் மனைவி லெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

நுவரெலியா பத்துக் கிலோமீட்டர். அங்கே நான்கு கொழும்பு ஆட்களை ஏற்றினேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இரண்டு நாள் இருக்கப் போகிறார்கள். போன் இல்லாமல், காடு மலை பார்த்துக்கொண்டு. ஏற்பாடு செய்து கூட்டிப்போவது நிர்மலா மிஸ்.

தலவாக்கலையில் பால் இல்லாத பிளேன்டி குடித்தோம். கோப்பை அறுபது ரூபாய். மழை வருமா என்று ஒரு சார் போனைத் தடவினார்.

"இன்னும் ரெண்டு மணித்தியாலந்தான் சார். பொறகு வானத்தத்தான் பாக்கணும்" என்றேன். சிரித்தார்கள்.

ஹட்டன் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து தேயிலைக்குள் மூன்று கிலோமீட்டர் ஏற வேண்டும். பதினொரு மணிக்குச் சேர்ந்தோம். மேலே காடு, கீழே அணைக்கட்டுத் தண்ணீர். நல்ல இடம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு அறையில் வெள்ளைத் துரை காலத்து இரும்புப் பெட்டி ஒன்று. எல்லாப் போனும் அதற்குள் போனது.

"நீங்களும் குடுங்கண்ணே. வண்டிச் சாவியும் வைங்க. இல்லாட்டி இவங்க டவுனுக்குப் போவோம்னு நிப்பாங்க" என்றார் மிஸ்.

கொடுத்தேன். இரண்டு நாள் ஓட்டம் இல்லை என்று எனக்கும் சந்தோஷம். பெட்டிச் சாவி சமையல்காரர் ராமையாவிடம். யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பேச்சு.

மறுநாள் காலை காட்டுக்குப் போய் வந்து, அட்டை கடித்த காலைக் காட்டிச் சிரித்தார்கள். பத்து மணிக்கு ராமையா கோழி வாங்கக் கீழே போனார். சாவி அவர் இடுப்பில்.

பத்தரைக்குக் கீழ் மலையில் கூச்சல். குளவி கலைந்துவிட்டது. கொழுந்து எடுத்த பெண்கள் பங்களாவுக்கு ஓடிவந்தார்கள். ராஜேஸ்வரி என்கிற பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. அவளுடைய நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே!"

"சாவி பெட்டிக்குள்ள இருக்கு."

"பெட்டியத் தொறங்க!"

"அந்தச் சாவி ராமையாகிட்ட."

அவள் வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப ஆம்புலன்சுக்குப் போனாவது போடுங்க."

"போனும் அதுக்குள்ளதான். உங்க போன் எங்கம்மா?" என்றார் மிஸ்.

"லயத்து வீட்டுல. மலைக்குக் கொண்டுபோனா வேல வாங்குற கண்டாக்கு ஏசுவாரு. ஒங்கள யாரு ஏசுனாங்க?"

கோடாரியால் பெட்டியை அடித்தேன். பெயின்ட் மட்டும் உதிர்ந்தது. வேனின் கண்ணாடியை உடைத்து வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். கிளம்பவில்லை.

ராஜேஸ்வரியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கினோம். ஒரு முனை என்னிடம், ஒரு முனை மழை வருமா என்று பார்த்த சாரிடம், மற்ற இரண்டும் பெண்களிடம். ரோட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம். நடந்தால் முக்கால் மணி. பாதி வழியில் ராமையா கோழியோடு எதிரே வந்தார். விஷயம் தெரிந்ததும் சாவியை நீட்டினார். வண்டி மேலே இருந்தது.

இரண்டு வளைவு கழித்து மூச்சுச் சத்தம் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. ரோட்டில் ஒரு லொறி ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு முகத்தை மூடினார்.

சாயந்தரம் பிடுங்கிய வயரைச் சேர்த்துக் கட்டினேன். பெட்டியைத் திறந்தோம். போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. திரும்பும் வழியில் யாரும் அவற்றைத் தொடவில்லை.

நுவரெலியாவில் இறங்கும்போது, "ஒங்க மேல தப்பில்லண்ணே" என்றார் மிஸ். சாவியைக் கொடுத்தது என் கை.

அடுத்த நாள் காலை லெட்சுமி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். அவளுடைய போனை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"கண்டாக்கு ஏசுவாரு."

"ஏசட்டும்."

"பேரு போடாட்டி? அந்த நாள் சம்பளத்த நீங்க போடுவீங்களா?"

போனைச் சுவர்த்தட்டில் வைத்துவிட்டுப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனாள்.

அன்று எனக்கு ஓட்டம் இருந்தது. போகவில்லை. அவள் மலைக்குக் கீழே ரோட்டோரம் வேனை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டு, மாலை வரை உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கு ஓட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.