அரிசி விளம்பரத்தில் நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால், யார் வீட்டு லேப்டாப்பில் என்ன கோளாறென்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். சரிசெய்து கொடுக்கும்போது, கேட்காமலேயே ஓர் ஆட் பிளாக்கரையும் போட்டுவிடுவேன். வீடியோ நடுவே விளம்பரம் வராமல் தடுக்கும் சின்ன புரோகிராம். சமையல் குறிப்புக்கு நடுவில் வீட்டுமனை விற்பவர்கள் வந்து கத்தாமல் போனதில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் கர்வம்.

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் கணவரின் நண்பர் ஒருநாள் வந்தார். திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஆன்லைனில் காட்ட ஒரு விளம்பரம் எடுக்கிறாராம்.

"நடிகையெல்லாம் வேணாங்க. நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கணும். அண்ணி, நீங்களே வாங்களேன்."

இரண்டு தடவை மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. நானே, "எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.

ஒரு வாய் சாதம் சாப்பிட்டுவிட்டு, "பூ மாதிரி இருக்கு!" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு தடவை எடுத்தார்கள். கடைசி வாயில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இதாங்க எக்ஸ்பிரஷன்" என்று கேமராக்காரர் அதையே வைத்துக்கொண்டார்.

விளம்பரம் ஓடத் தொடங்கி ஒரு வாரமாயிற்று. அடுக்ககத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிஃப்டில் வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு நின்றேன். அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். பொறாமை என்று முடிவு கட்டினேன்.

"எல்லா வீட்டுலயும் நீதானே பிளாக்கர் போட்டு வச்சிருக்கே? எப்படித் தெரியும்?" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே, "ஒரு அப்டேட் பண்ணணும்" என்று வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு மாமி கதவைத் தட்டினார்.

"ஏம்மா, உபன்யாசம் கேட்டுண்டிருக்கேன். சரணாகதின்னு ஆரம்பிக்கறார், நீ வந்து சாதம் சாப்பிடறே!"

"பார்த்துட்டீங்களா மாமி? நல்லா இருந்துச்சா?"

"அஞ்சு செகண்ட் பார்த்தேன். நீ வாயில வைக்கறதுக்குள்ள ஸ்கிப் வந்துடுத்து. அமுக்கிட்டேன்."

"அப்போ நான் பேசறதைக் கேட்கலையா?"

"பேச வேற பேசறியா? அதிருக்கட்டும், இந்த அப்டேட் நன்னாவேயில்லை. பழசையே போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"அக்கா, அரிசி விளம்பரத்துல வர்றது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"டெய்லி உங்களைத்தான் ஸ்கிப் பண்றோம்க்கா!"

அதை அவள் அத்தனை பிரியமாகச் சொன்னாள். நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை, ஸ்கிப்புக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.