மனஸ்தாபம் இல்லை, சாமி: திருச்சுழிக்கு ஒரு பயணம்

மதுரையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் முதல் தடவை ஏன் போனேன் என்பதை விட்டுவிட்டு பஸ் நேரத்தை மட்டும் எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971, தவக்காலம். எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாவிட்டால் வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டேன். ஆறு வருடமாக மறைத்து வைத்திருந்த ஒன்றை அன்று சொன்னேன், ஆபீஸ் கடிதம் வாசிக்கிற குரலில். என் அத்தை மகள் செசிலியை எனக்குத் தர மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு, பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது என்று மொட்டைக் கடிதம் போட்டேன். அப்பட்டமான பொய். கல்யாணம் நின்றுவிட்டது. அவளை அதன்பின் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

"இதுக்காக உனக்கு மனஸ்தாபம் இருக்கா?" என்று சாமியார் கேட்டார்.

"இல்லை சாமி. இப்ப எனக்கு யாரோடயும் மனஸ்தாபம் இல்லை," என்றேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஜெபப் புத்தகத்தில் மனஸ்தாபம் என்றால் செய்த பாவத்துக்காக மனம் நோவது. உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் வீட்டிலும் தெருவிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பது என்றுதான் அர்த்தம். வாய்க்கு வந்தது அந்த அர்த்தம். சாமியார், "அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லு," என்றார்.

சனிக்கிழமை லீவு போட்டேன். காலை 6.10க்கு பஸ். அருப்புக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது பைசா. காரியாபட்டியில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அதைத் தாண்டினால் வெடித்த கரிசலும் காய்ந்த பருத்திமாரும்தான். அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது.

8.05க்கு அருப்புக்கோட்டையில் இறங்கினேன். எதிரே அந்தச் சிவப்புத் தபால்பெட்டி அப்படியே இருந்தது. மதுரை முத்திரை விழுந்தால் என்மேல் சந்தேகம் வரும் என்று, இடது கையால் எழுதிய கடிதத்தை இங்கே வரை பஸ் ஏறி வந்து இந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

திருச்சுழி பஸ் 8.40க்கு. பதினைந்து கிலோமீட்டர், நாற்பத்தைந்து பைசா. மாமாவின் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்டக்டர், "அங்கிட்டு பஸ்ஸு கிடையாதுங்க. திருச்சுழியில எறங்கி ஆத்தோடயே மூணு மைலு நடங்க. தண்ணி வச்சிருக்கீகளா? அங்க அவுக குடிக்கவே ஊத்துத் தண்ணிதான்," என்றார். நான் தண்ணீர் கொண்டுபோகவில்லை.

குண்டாறு முழுக்க மணல். செருப்பைத் தாண்டிச் சுட்டது. பத்தரை மணிக்கு மாமாவையும் செசிலியையும் ஆற்றுக்குள்ளேயே பார்த்தேன். ஆளுயரப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். செசிலி அடியில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் வருவது கலங்கல். அதை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினால்தான் நல்ல தண்ணீர் ஊறும். மாமா மேலே குடங்களோடு நின்றார்.

"வாங்க மச்சான். என்ன இம்புட்டு தூரம்?" என்றாள்.

வழியெல்லாம் தயார் செய்த பேச்சு மறந்துபோனது. "அந்த மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான்," என்றேன்.

சிரட்டை நின்றது. மாமாதான் பேசினார்.

"அருப்புக்கோட்டை முத்திரைல்ல இருந்துச்சு, மாப்ளே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் தம்பி அருப்புக்கோட்டையில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் காட்டிய கடிதத்தில் முத்திரையைப் பார்த்து, தம்பிதான் எழுதினான் என்று மாமா முடிவு கட்டியிருக்கிறார். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தம்பி மனைவி இறந்ததற்குக்கூடப் போகவில்லை. யாரோடும் மனஸ்தாபம் இல்லை என்று சொன்னேனே, அண்ணன் தம்பி நடுவில் அதை வைத்துவிட்டு வந்தவன் நான்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா மணலில் உட்கார்ந்து அழுதார்.

"அது அவன் எழுத்து இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், மாப்ளே. கோவத்துக்கு ஒரு ஆளு வேணும்னு அவனைப் புடிச்சுக்கிட்டேன். அவன் பொண்டாட்டி சாவுக்கும் போகாத பாவி நான்."

பாவம் செய்தவன் கண்ணில் சொட்டு நீர் இல்லாமல் நிற்கிறேன். பாதிக்கப்பட்டவர் தன் பாவத்துக்காக அழுகிறார். அப்படியொரு பெரிய விஷயத்துக்கு முன்னால் நான் அதுவரை நின்றதில்லை.

செசிலி பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொன்னா பொய்யாயிரும். அப்பாவக் கூட்டிட்டுப் போயி சித்தப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. வருசம் ஒருக்கா இங்க வாங்க. எனக்கு என்னைக்கு மனசு வருதோ அன்னைக்குச் சொல்றேன்."

மச்சான் என்ற சொல் அதில் இல்லை. தண்ணீரும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் 1.15 பஸ்ஸில் மாமாவும் நானும் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம். பட்டறையிலிருந்து வந்த தம்பிக்கு முழங்கை வரை நீலச்சாயம். நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா அவர் காலில் விழுந்துவிட்டார். மூத்தவர் இளையவர் காலில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. "எந்திரிண்ணே, என்னண்ணே இது, எந்திரி," என்று தம்பி அவரைத் தூக்கி அணைத்தார். மாமாவின் வெள்ளைச் சட்டை முதுகில் பத்து விரலும் நீலமாகப் பதிந்தன. அதைப் பார்த்ததும் நான் உடைந்து அழுதேன். பட்டறை ஆட்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் சாமியார் அதே கேள்வியைக் கேட்டார். "இருக்கு சாமி," என்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பாவத்தைச் சொல்லிவிடுவதும் அதற்காக மனம் நோவதும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இனி, போகிறவர்களுக்கு. நான் எழுதியவை அந்தக் காலத்து நேரமும் கட்டணமும், இப்போதையதை விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று மைலையும் பத்து மணிக்கு முன் நடந்துவிடுங்கள். மணலில் செருப்பைக் கழற்றாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால், திரும்பும் பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் தவக்காலம் தவறாமல் போனேன். முதல் ஆறு வருடமும் செசிலி, "வாங்க," என்பாள், அவ்வளவுதான். 1978ல் போனபோது பள்ளத்தில் இருந்தாள். வெகுநேரம் கலங்கலை இறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரட்டையைக் கழுவி, ஒரு சிரட்டைத் தண்ணீரை மேலே நீட்டினாள்.

"குடிங்க மச்சான்," என்றாள்.