ஆனைமடுவின் இரண்டு துறைகள்

அசோக் கடைக்குள் வந்து "அண்ணே" என்று கூப்பிட்டபோதே தர்மனுக்கு உறுத்தியது. ஊர்த்தெருவில் அவரை அப்படிக் கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது. அசோக்கின் அப்பா நல்லதம்பிக்கு அவர் இன்றைக்கும் வெறும் 'தர்மா'. அசோக்கின் தாத்தாவுக்கு, அவர் உயிரோடு இருந்தவரை, 'டேய்'.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், ஊருக்குப் பிரியும் இடத்தில் தர்மனின் கடை இருந்தது. எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டித் தருவார். ஐம்பத்தேழு வயதாகிறது. காலனியில் பிறந்து, திருச்சியில் தொழில் கற்று, சொந்தக் காலில் நிற்கிற மனிதர்.

"ஆனைமடுவுக்கு விழா எடுக்குறோம்ணே. பாரம்பரிய நீச்சல் திருவிழா. நீங்கதான் சிறப்பு விருந்தாளி" என்றான் அசோக். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தது. "உங்கள மாதிரி முங்குன ஆளு இந்த ஊர்லயே கெடையாதாமே!"

"யாரு சொன்னா?"

"அப்பாதான்."

கையிலிருந்த செப்புக் கம்பியைத் தர்மன் கீழே வைத்தார். "உங்கப்பா வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லலியேண்ணே."

சொல்லியிருக்க மாட்டார் என்று தர்மனுக்குத் தெரியும்.

மருதையாறு ஊரை உரசித் திரும்பும் இடத்தில், பெரிய பாறைக்கு அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் ஆனைமடு. ஆறு மணலாகக் காய்ந்தாலும் மடு வற்றாது. மேற்கே கல்படி வைத்த பெரிய துறை. ஊர்த்தெருப் பிள்ளைகள் பாறைமேல் ஏறிக் குதிப்பதும், ஒருவனை ஒருவன் துரத்தி நீந்துவதும் அங்கேதான். காலனிக்காரர்கள் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு கூப்பிடு தூரம் கீழே, கரை சரிந்து சேறாகிக் கிடந்த எருமைத்துறை. பண்ணை மாடுகளைக் கழுவிவிட்டு அதே தண்ணீரில் அவர்களும் குளித்துக்கொள்ளலாம். தர்மன் நீந்தப் பழகியது அந்தச் சேற்றில். மேலே சாணம் மிதக்கும் என்பதால் வாயை இறுக்கிக்கொண்டு அடித்தண்ணீரில் முங்கி முங்கிப் போவான். அவனுக்கு மூச்சு நீண்டது அப்படித்தான்.

அவனுக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஓர் ஆடிப்பெருக்கு. பாறையிலிருந்து குதித்த நல்லதம்பியின் தம்பி மேலே வரவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் ஊர்த்தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். அடியில் போய்ப் பிணத்தைத் தொட்டு இழுக்கத்தான் ஆள் இல்லை. காலனிக்கு ஓடி வந்தார்கள். "முங்கத் தெரிஞ்ச பய ஒருத்தன் இருக்கானாமே, அவன வரச் சொல்லுங்கடா."

பாறை இடுக்கில் கால் சிக்கிக் கிடந்தவனைத் தர்மன் விடுவித்து, தலைமுடியைப் பிடித்து மேலே கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த கரை பெரிய துறை. அதன் படியில்தான் ஏறினான். இறந்தவனின் அம்மா ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டவள், பிறகு தர்மனின் ஈரக் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவனும் அழுதுவிட்டான். அன்றைக்கு அவனுக்குப் பயமோ அருவருப்போ எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனபோது பெரிய துறையில் நான்கைந்து பேர் நின்றார்கள். நல்லதம்பி பித்தளைச் சொம்பைப் பிடித்திருந்தார். அவருடைய அப்பா அதிலிருந்து மாவிலையால் கோமியத்தைத் தொட்டுத் தொட்டுப் படிகளில் தெளித்தார்.

"சாவுத் தீட்டுக்கா பெரியப்பா?" என்று கூட வந்தவரைத் தர்மன் கேட்டான்.

"சாவுத் தீட்டுக்கு வூட்டத்தான் கழுவுவாங்க. இது நீ ஏறுனதுக்குடா."

தர்மன் அந்த இடத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தான். ராத்திரி குடித்த கஞ்சி முழுவதும் வந்த பிறகும் குமட்டல் நிற்கவில்லை. அந்த அம்மா பிடித்து அழுத காலை எருமைத்துறைச் சேற்றில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். எதைக் கழுவுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு விழுந்தவர், வயிற்று வலி தாங்காமல் விழுந்த பெண், விளையாடப் போன பிள்ளை. ஒவ்வொரு தடவையும் "எருமைத்துறை வழியா ஏறிக்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தர்மன் போகாமல் இருந்ததில்லை. அழுகைச் சத்தம் காலனிவரை கேட்கும், கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ஆனால் ஆசைக்கு நீந்துவது அந்த ஆடியோடு நின்றுபோனது. கடை வைத்த பிறகு ஒருநாள், வாடிக்கையாளர்கள் முன்னால் ஒருவன் பைக்கை நிறுத்தி, "டேய் தர்மா, மடுவுல ஒரு பொணம் கெடக்கு, வா" என்றான். "தீயணைப்புக்குப் போன் போடுங்க" என்றார் தர்மன். அதோடு அதுவும் முடிந்தது.

இப்போது விழா.

அசோக் மூன்று தடவை வந்து கேட்டதால், விழாவுக்கு முதல் நாள் தர்மன் மடுவைப் பார்க்கப் போனார். மனைவி வேம்பு தடுத்தாள். "அங்க போயி என்னத்தப் பாக்கப் போற? வவுத்தெரிச்சல்தான்." அவர் கேட்கவில்லை.

தொலைவிலேயே நாற்றம் வந்தது. ஊர்த்தெருக் கக்கூஸ் தண்ணீரை எல்லாம் ஒரு குழாயில் சேர்த்து மடுவில் விட்டிருந்தார்கள். குழாய்வாயைத் தென்னங்கீற்றால் மறைத்திருந்தார்கள். ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து வாரியதில் அடிச்சேறு கிளம்பி, தண்ணீர் கறுப்பாக நுரைத்தது. அதில் பிராந்தி பாட்டிலும் குழந்தைகளின் பேம்பர்ஸும் மிதந்தன. பெரிய துறைப் படிகளுக்கு மட்டும் மஞ்சளும் சிவப்புமாகப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. 'முந்நூறு ஆண்டுகளாக நம் ஊர் மக்கள் அனைவரும் வேற்றுமையின்றி ஒன்றாக நீந்தி மகிழ்ந்த பாரம்பரியத் துறை.'

தர்மன் அதை இரண்டு தடவை படித்தார். வாயில் எச்சில் ஊறிப் புளித்தது.

அசோக் ஓடி வந்தான். "வாங்கண்ணே! நாளைக்கு டிரோன் வருது. நீங்க கோவணம் கட்டிக்கிட்டு அந்தக் கீழத் துறையிலேருந்து குதிச்சா வீடியோவுக்கு நல்லாருக்கும். அதான் உங்க பக்கத்துத் துறையாமே?"

மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் நல்லதம்பி உட்கார்ந்திருந்தார். தர்மன் அவர் முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பலகைய எழுதுனது யாரு?"

"பசங்க எழுதுனதுதான், தர்மா. ஏன், நல்லாத்தான இருக்கு."

"ஒன்னா நீந்துனமா நாம? உன் தம்பியத் தூக்கிட்டு நான் அந்தப் படியில ஏறுனேனே, மக்யா நாள் அங்க என்ன நடந்துச்சின்னு உன் புள்ளைக்குச் சொன்னியா?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் நல்லதம்பியை 'நீ' என்றார். சேர் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப காலம் அப்படி" என்றார் நல்லதம்பி, தரையைப் பார்த்தபடி.

"காலமா வந்து கோமியம் தெளிச்சுது? நீதான சொம்பப் புடிச்சிக்கிட்டு நின்ன!"

அசோக்கின் முகம் வெளுத்துப்போனது. "அப்பா?" என்றான். நல்லதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அசோக்கே தணிந்த குரலில், "அண்ணே, 'வேற்றுமையின்றி'ங்கிறத மட்டும் எடுத்துடுறேன். மத்தபடி விழா நேரத்துல பழசெல்லாம் வேணாமே" என்றான்.

அதுவரை அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச நல்லெண்ணமும் தர்மனுக்குப் போய்விட்டது. அப்பன் செய்ததைவிட, தெரிந்த பிறகு மகன் சொன்ன இந்தப் பேச்சுதான் அவருக்கு அதிகமாகக் குமட்டியது.

"உங்க வூட்டுப் பீத்தண்ணியில என்னைக் குதிக்கச் சொல்றியா தம்பி? நான் கால்கூட நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விழா அவர் இல்லாமலே நடந்தது. தண்ணீரில் யாரும் இறங்கவில்லை. கரையில் நின்று பேசினார்கள், படம் எடுத்தார்கள். அதே கரையில் தர்மனின் பெயரைச் சொல்லிக் கைதட்டவும் செய்தார்கள். சாயங்காலம் ஒரு பொன்னாடையும், 'நீச்சல் மாவீரர்' என்று எழுதிய கேடயமும் ஆள்மூலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பலகையில் ஒரு சொல்லின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பதாகக் கொண்டு வந்தவன் சொன்னான்.

"துணி நல்லாத்தான் இருக்கு" என்று வேம்பு தொட்டுப் பார்த்தாள்.

"வூட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவாத."

"சரி, தூக்கிப் போட்டுடவா?"

"நம்ம குப்பையிலயும் வேணாம்."

இரண்டையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, தெரு ஆட்கள் பார்க்கப் பார்க்க அவரே நடந்துபோனார். நல்லதம்பி வீட்டு வாசலில் விழாச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் பையை வைத்தார். "சாப்பிடுங்க தர்மா" என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அசோக் எழுந்தான், ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

தர்மன் திரும்பி நடந்தார். மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் போயிருந்தார். ஆகவில்லை. காலனிக்குத் திரும்பும் வழியில் கருவேலம் புதர் ஓரமாக நின்று இரண்டு மூன்று தடவை காறித் துப்பினார். வாய்க் கசப்பு அப்படியேதான் இருந்தது.