பொருந்திய கேபிள்

பாக்தாதின் சினாஆ தெருவில் நான் பிரிண்டர் மை விற்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்வானின் கம்ப்யூட்டர் கடை. பொருளாதாரத் தடைக் காலத்தில், கிடைத்த பாகத்தை வைத்துக் கிடைக்காத பாகத்தை ஈடுகட்டித் தொழில் பழகியவன். அசெம்பிள் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை, வாயிலும்தான். யாராவது ஆப்பிள் கம்ப்யூட்டரோடு வந்தால் போதும், பிடித்துக்கொள்வான்.

"சாமான் தரம்தான், இல்லேங்கல. ஆனா திறக்க முடியாத பெட்டிய வாங்கி என்னய்யா பண்ணுவ? ஒண்ணு போனா மொத்தமும் போச்சு. என் மெஷின்ல போனத மட்டும் கழட்டி மாத்திக்கலாம்."

"அதான் உன் மெஷினெல்லாம் வாராவாரம் இங்கயே வந்து நிக்குதா?" என்பேன். சிரிப்பான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடமாட்டான். ஒரு கம்பெனி பவர் சப்ளையின் கேபிளை இன்னொரு கம்பெனியுடையதில் செருக விடமாட்டான். கச்சிதமாக உட்காரும், உள்ளே கம்பிகளின் வரிசைதான் வேறு. ஹார்ட் டிஸ்க் கருகிவிடும். "உக்காருதேன்னு நம்பிடாத" என்று எல்லோரையும் மிரட்டுவான்.

அவன் மகள் ரஃபல் கட்டடக்கலை இறுதியாண்டு படித்தாள். அவளுடைய மெஷினை அவனே ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கிச் சேர்த்தான். பட்டத்துக்கான வரைபடங்கள் முழுவதும் அதில்தான். நகலுக்கென்று வைத்த இரண்டாவது டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்தான். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியபோது, அரசு கரண்ட்டும் தெரு ஜெனரேட்டரும் மாறி மாறி அடித்ததில் பவர் சப்ளை தடுமாறியது. கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கம்பெனியுடையதை எடுத்துக்கொண்டு கஸ்வான் வீட்டுக்கு ஓடினான்.

அரசு கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் வருவதற்குள் முடித்துவிட்டால் மகளின் வேலை தடைப்படாது. கைபேசி வெளிச்சத்தில் பவர் சப்ளையை மட்டும் மாற்றினான். பழைய கேபிள்களை முன்பு அவ்வளவு அழகாகக் கட்டிவைத்திருந்தான், பிரிக்க மனம் வரவில்லை. அவற்றையே செருகினான். எல்லாம் பொருந்தியது.

ஜெனரேட்டர் வந்தது.

"ப்பா, என்னமோ தீயிற வாசனை வருது" என்றாள் ரஃபல்.

இரண்டு டிஸ்க்கும் போயின. எங்கள் தெருவில் யாராலும் மீட்க முடியவில்லை. அந்த வருடம் அவளுக்குப் பட்டம் இல்லை. அப்பனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாலு திட்டு திட்டியிருந்தால், அவன் தேறியிருப்பான். வடக்கே எர்பில் நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் அங்கேயே படித்து முடித்தாள், வேலையும் கிடைத்தது. இங்கே இவன் வாய் அடங்கிப்போனது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன மாதம் என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ப்பா, புது மெஷின் வாங்கிட்டேன். ஆப்பிள்."

பழைய கஸ்வான் எழுந்துவிடுவான், திட்டுவான் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

"திறக்க முடியாதுல்ல?" என்றான்.

"முடியாதுப்பா."

"நல்லதும்மா. யார் கேட்டாலும் அதுல கைவைக்க விடாத. நானே வந்து கேட்டாலும்."

அப்படியெல்லாம் பேசாதீங்க என்பாள் என்று நினைத்தேன்.

"சரிப்பா" என்றாள்.